ஊருக்குப் போகாத லீவு

மும்பைத் தமிழர் ஒருவர் லீவு எடுத்திருக்கிறார் என்று தெரிந்தால், அக்கம்பக்கத்தார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்த வண்டிக்கு?" எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. லீவு என்றால் ஊர். ஊர் என்றால் ரயில். டிக்கெட் உறுதியாகிவிட்டதா, வெயிட்டிங் லிஸ்டா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கடந்த 19 வருஷங்களாக என் லீவுகளும் அப்படித்தான் போயின. தங்கையின் கல்யாணம், அப்பாவின் காரியம், மைத்துனன் வீட்டுப் பால்காய்ச்சு, நிலப் பத்திரம், அம்மன் கோயில் கொடை. போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். நடுவில் கிடைக்கும் நாட்களில் பாதி பஸ் ஸ்டாண்டுகளில் கழியும். திரும்பி வரும்போது கையில் பணம் இராது. உடம்பில் தெம்பு இராது. மறுநாள் காலை அதே 8.12 லோக்கல்.

இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வெளியூரில் பிழைப்பவனுக்கு உறவு விட்டுப் போகாமல் இருக்க லீவுதான் வழி. ஆனாலும், இத்தனை வருஷத்து லீவில் எனக்கென்று எடுத்த நாள் ஒன்றுகூட இல்லை என்பது சென்ற வருஷம்தான் எனக்கு உறைத்தது. அதற்குக் காரணம் ஒரு நோட்டுப் புத்தகம்.

பெருக்கல் கணக்கு

ஓர் ஆபீஸில் வரவு செலவு எழுதுகிற வேலை எனக்கு. மார்ச் மாதம் கணக்கு முடிக்கும் நாட்களில் வீடு திரும்ப இரவு 10 மணி ஆகிவிடும். அப்படி ஓர் இரவில், நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் தூங்காமல் காத்திருந்து கணக்கு நோட்டை நீட்டினாள். ஒரு பெருக்கலில் தப்பு. அதற்காக நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். குழந்தை நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு நோட்டு என்னிடம் வரவில்லை. அவள் அம்மாவிடம் போயிற்று.

என் கோபம் பெருக்கல் கணக்கின் மேல் இல்லை என்பது எனக்கே தெரியும். எதன் மேல் என்றுதான் தெரியவில்லை. தெரிந்துகொள்ளலாம் என்றால், நின்று யோசிக்க நேரம் எங்கே? காலையில் லோக்கல், பகலில் ஆபீஸ், இரவில் தூக்கம், ஞாயிற்றுக்கிழமை ரேஷனும் துணி துவைப்பும். மிச்சமிருப்பது லீவு ஒன்றுதான். அதை ஊர் எடுத்துக்கொண்டது.

ஆபீஸில் மராட்டிய நண்பர் ஒருவர், இகத்புரியில் 10 நாள் மௌனமாக இருந்து பயிலும் விபஸ்ஸனா தியானத்தைப் பற்றிச் சொன்னார். தியானம், ஆசிரமம் என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம். "காவி கட்டியவர்கள் சமாசாரம் நமக்கெதற்கு?" என்றேன். நண்பர் சிரித்துவிட்டு, "இதை நம் காலத்துக்குக் கொண்டு வந்தவர் யார் தெரியுமா? உங்களைப் போல ஒரு கணக்கு குமாஸ்தா" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட கதை, ஆபீஸில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

ரங்கூன் குமாஸ்தா

அவர் பெயர் ஊ பா கின். 1899-இல் ரங்கூனில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1917-இல் பள்ளி இறுதித் தேர்வில் தங்கப் பதக்கமும், கல்லூரியில் படிக்க உதவித் தொகையும் கிடைத்தன. வீட்டு நிலைமை கல்லூரிக்கு விடவில்லை. முதலில் ஒரு பத்திரிகையில் வேலை. பிறகு பர்மா அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் கணக்கு குமாஸ்தா. 1926-இல் அக்கவுண்ட்ஸ் சர்வீஸ் பரீட்சையில் தேறினார். பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். துறைமுகத்திலும் லேவாதேவிக் கடைகளிலும் நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் உழைத்துக்கொண்டிருந்த ரங்கூன் அது.

1937 ஜனவரியில், அவரைப் பார்க்க வந்த ஒருவர் மூச்சைக் கவனிக்கும் தியானத்தைச் சொல்லிக் கொடுத்தார். செய்து பார்த்தார், மனம் நன்றாக ஒன்றியது. இதை முழுமையாகக் கற்றுவிட வேண்டும் என்று தீர்மானித்து, 10 நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தார். முதன்முதல் மூச்சைக் கவனித்துப் பார்த்த ஒரே வாரத்தில் புறப்பட்டும் விட்டார்.

அவர் தேடிப் போன ஆசிரியர் சயா தெட்ஜி, துறவி அல்ல. பயிர் செய்து வாழ்ந்த சம்சாரி. அவருடைய கிராமம் ரங்கூன் ஆற்றுக்கு அப்பால், சுமார் 8 மைல் தூரத்தில் இருந்தது. ஆற்றில் நீர் வற்றியிருந்த நேரம். அமர்த்திய படகு பாதி வழிக்கு மேல் போகவில்லை. கரையேறி, முழங்கால் புதையும் சேற்றில் இறங்கி, வயல்களின் ஊடே நடந்து, கால் முழுதும் சேற்றோடு ஆசிரியர் முன் போய் நின்றார் ஊ பா கின்.

அந்தச் சேற்றுக் கால்கள்தாம் என்னைக் கட்டிப் போட்டன. ரிஷி இல்லை, ராஜகுமாரன் இல்லை. மாதச் சம்பளக்காரர். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சேறு மிதித்துப் போனவர்.

அதைவிடப் பெரிய விஷயம், அவர் திரும்பி வந்தது. 10 நாள் முடிந்ததும் அவர் காட்டுக்குப் போய்விடவில்லை; ஆபீஸுக்குத்தான் வந்தார். அதே 1937-இல் ஸ்பெஷல் ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் ஆனார். 1948 ஜனவரி 4-ஆம் தேதி, பர்மா சுதந்திரம் பெற்ற அன்று, அந்த நாட்டின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். தியானம் செய்தால் பிரமோஷன் கிடைக்கும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். பேரேட்டையும் தியானத்தையும் அவர் ஒன்றுக்கொன்று விரோதமாக நினைக்கவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. 1950-இல் தம் ஆபீஸ் ஊழியர்களுக்காகவே ஒரு தியான சங்கம் தொடங்கினார். 1952-இல் ரங்கூனில் தியான நிலையம் ஒன்றை அமைத்தார். 1971-இல் மறையும் வரை கற்றுக் கொடுத்தார்.

அவரிடம் 1955-இல் மாணவராகச் சேர்ந்தவர் எஸ். என். கோயங்கா. 1924-இல் மாண்டலேயில் பிறந்த மார்வாரி வியாபாரி. தீராத ஒற்றைத் தலைவலி அவருக்கு. வெளிநாட்டு டாக்டர்களைப் பார்த்தும் குணமாகவில்லை. தலைவலி மருந்தாக நினைத்து வருவதானால் வர வேண்டாம், மனத்தைத் தூய்மை செய்துகொள்ள வருவதானால் வரலாம் என்பது ஊ பா கின் அவருக்கு இட்ட நிபந்தனை. அந்தக் கோயங்கா 1969-இல் இந்தியா வந்து, அந்த ஜூலையில் நம் மும்பையிலேயே ஒரு தர்மசாலையில் முதல் 10 நாள் முகாமை நடத்தினார். 1976-இல் இகத்புரியில் தம்மகிரி நிலையத்தில் வகுப்புகள் தொடங்கின. 2013-இல் அவர் காலமானார். அவருடைய குரல் பதிவுகளைக் கொண்டே இன்றும் பயிற்சி நடைபெறுகிறது.

அம்மாவிடம் சொன்ன பொய்

எனக்கு மீதமிருந்த லீவு 10 நாள். புதன்கிழமை பிற்பகல் போய்ச் சேர்ந்தால், இடையில் ஒரு ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு காலையில் வெளியே வரலாம். ஆபீஸ் கணக்கில் சரியாக 10 நாள். ஆனால் அது ஊரில் ஆடிக் கொடைக்காக வைத்திருந்த லீவு.

அம்மா போனில் கேட்டாள்: "எய்யா, கொடைக்கு வந்துருவேல்லா?"

"இந்த வருஷம் லீவு கிடைக்கலம்மா" என்றேன்.

உண்மையைச் சொல்லத் துணியவில்லை. கொடைக்கு வராமல் மகன் எங்கோ மலையில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு உட்காரப் போகிறான் என்றால், பெற்றவளுக்கு என்னவென்று விளங்கும்? மனைவிக்கு விஷயம் தெரியும். "நீங்க போயிட்டு வாங்க. ஆனா அத்தை கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள்.

சி.எஸ்.எம்.டி.யிலிருந்து இகத்புரி சுமார் 136 கிலோமீட்டர். லோக்கல் ரயில்கள் கசாராவோடு நின்றுவிடும். அதற்கு மேல் தல் காட் ஏற்றம். 37 அடி போனால் 1 அடி உயரும் பாதை என்பதால், வண்டியைப் பின்னாலிருந்து தள்ள உதவி இஞ்சின்கள் பூட்டுவார்கள். ஆடி மழையில் மலையெங்கும் வெள்ளை வெள்ளையாக அருவிகள். ஊர் போகும் வழியில் இல்லாத ஒரு ரயிலில், கையில் சீர்ப் பையோ பலகாரமோ இல்லாமல் நான் போனது அதுவே முதல் தடவை.

தம்மகிரியில் செல்போன், பேனா, புத்தகம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அன்று மாலையே மௌனம் தொடங்கிவிட்டது. ஐந்து விரதங்கள் ஏற்க வேண்டும்: உயிர்க்கொலை இல்லை, களவு இல்லை, பிரம்மசரியம், பொய் இல்லை, போதை இல்லை. நாலாவதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. பொய் சொல்லி வாங்கிய நாட்களில் வந்து, பொய் சொல்லேன் என்று விரதம் எடுக்கிறேனே!

நாலு மணி மணியோசை

விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கிறது. 4.30-க்கு உட்கார வேண்டும். 6.30-க்குக் காலை ஆகாரம், 11 மணிக்குச் சாப்பாடு, மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குப் பழமும் டீயும். இரவு 7 மணிக்கு ஒரு சொற்பொழிவு. அதைத் தமிழிலும் கேட்க வசதி உண்டு. 9.30-க்கு விளக்கணைப்பு. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்குச் சுமார் 10 மணி நேரம் உட்காரும் வேலை. ஆண்கள், பெண்கள் தனித்தனி. யாருடனும் பேச்சில்லை, சாடை காட்டுவதும் கூடாது. பயிற்சியில் சந்தேகம் என்றால் ஆசிரியரிடம் கேட்கலாம்.

முதல் மூன்று நாள் மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிப்பதுதான் வேலை. இவ்வளவுதானா என்றுதான் நானும் நினைத்தேன். பத்து மூச்சு சேர்ந்தாற்போலக் கவனிக்க முடியவில்லை. சீட்டுப் பணம், வாடகை, பள்ளிக்கூட பீஸ், யாரோ எப்போதோ சொன்ன சுடுசொல் எல்லாம் வரிசையில் நின்றன. இத்தனை வருஷம் மனம் என்னிடம் வேலை பார்ப்பதாக நினைத்திருந்தேன். நான்தான் அதனிடம் வேலை பார்த்திருக்கிறேன்.

நாலாம் நாள் விபஸ்ஸனாவைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உச்சி முதல் பாதம் வரை கவனத்தை நகர்த்தி, ஆங்காங்கே தோன்றும் சூடு, துடிப்பு, வலி, அரிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நல்லது என்று பிடித்துக்கொள்ளவும் கூடாது. கெட்டது என்று தள்ளவும் கூடாது. எல்லாம் வரும், போகும் என்பதைத் தன் உடம்பிலேயே கண்டுகொள்ள வேண்டும். இதன் உள்ளர்த்தம் எளியது. கோபம் வார்த்தையாக வெளியே வருவதற்கு முன் உடம்பில் வருகிறது. மூச்சு மாறுகிறது, மார்பு சூடாகிறது. அங்கேயே அதைப் பார்த்துவிடப் பழகினால், வாய் திறக்குமுன் ஒரு நொடி கிடைக்கிறது. அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்த 10 நாள் பாடு.

ஆறாம் நாள் மூட்டையைக் கட்டிவிடலாமா என்று இருந்தது. முழங்கால் வலி ஒரு பக்கம். அன்று ஊரில் கொடை என்பது மறு பக்கம். மேளச் சத்தம் காதில் கேட்பது போலவே இருந்தது. வெளியே தகரத்தில் மழை. அந்த மழையில் உட்கார்ந்திருந்தபோது, மார்ச் மாதத்து இரவு தானாக நினைவில் வந்து நின்றது. அன்று ஆபீஸில் என் கூட்டலில் ஒரு தப்பு வந்திருந்தது. கண்டுபிடிக்க மூன்று மணி நேரமாயிற்று. அத்தனை நேரமும் வேலை போய்விடுமோ என்று வயிற்றில் ஒரு பயம். வீட்டுக்கு வந்து குழந்தையின் நோட்டில் தப்பைக் கண்டதும், வயிற்றிலிருந்த அந்தப் பயம்தான் வாய்வழியே சத்தமாக வந்திருக்கிறது.

இவ்வளவு சின்ன விஷயத்தைக் கண்டுபிடிக்க மலையேறிப் போக வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாலு மாதம் வீட்டில் இருந்தபடியே என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

டாக்ஸி டிரைவரின் டப்பா

பத்தாம் நாள் காலையில் மௌனம் கலைகிறது. பக்கத்துக் கட்டில்காரர் இரவெல்லாம் இருமுவார். ஒன்பது நாளாக அவர் மேல் எனக்கு உள்ளூர எரிச்சல். பேச்சு திறந்ததும் அவர் முதலில் சொன்னது, "தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன், மன்னியுங்கள்" என்பதுதான். உத்தரப் பிரதேசத்துக்காரர். மும்பையில் டாக்ஸி ஓட்டுகிறார். வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். இங்கே கட்டணம் இல்லை. தங்க இடமும் சாப்பாடும் முன்பு பயின்றவர்களின் நன்கொடையில் நடக்கின்றன; 10 நாள் முடிக்காதவர்களிடம் நன்கொடைகூட வாங்குவதில்லை. ஆனால் டிரைவருக்கு அந்த 12 நாள் வரும்படி போய்விடுமே? அதற்காக 8 மாதம் தினமும் ஒரு சிறு தொகையை ஒரு டப்பாவில் போட்டு வைத்து, அதை மனைவி கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. சம்பளத்தோடு லீவு வாங்கியவன் பொய் சொல்லிவிட்டு வந்தேன். கூலி இழந்து வந்தவர் எல்லாரிடமும் சொல்லி, எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு வந்திருக்கிறார்.

ஞாயிறு காலை இகத்புரி பிளாட்பாரத்தில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன். லீவு கிடைத்தது, இங்கே வந்துவிட்டேன், உன்னிடம் பொய் சொன்னேன் என்று சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அங்க சோறு ஒழுங்காப் போட்டாவளா?" என்று கேட்டாள். அதன் பிறகு, "போறதுன்னா சொல்லிட்டுப் போவேண்டியதான எய்யா. நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்?" என்றாள்.

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் அதைச் சொல்லும் சந்தர்ப்பத்தையே நான் அவளுக்குத் தரவில்லை.

திரும்பிய பிறகு

பத்து நாளில் நான் ஞானியாகிவிடவில்லை. திரும்பிய இரண்டாம் வாரமே லோக்கலில் இடத்துக்காக ஒருவரோடு சத்தம் போட்டேன். வித்தியாசம் இதுதான்: சூடு ஏறுவது எனக்குத் தெரிந்தது. சில நாள் அடங்குகிறது; சில நாள் அடங்குவதில்லை. காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். ஒண்டுக் குடித்தன அறையில் எனக்கு முடிவது காலையில் அரை மணி. அதுவும் எல்லா நாளும் அல்ல.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முன்கூட்டியே விண்ணப்பித்து இடம் வாங்க வேண்டும். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், உடல்நிலை மோசமானவர்கள் அதை மறைக்காமல் எழுத வேண்டும். இது வைத்தியத்துக்கு மாற்று அல்ல. தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி உண்டு. ஊர்ப் பக்கம் போகும்போது பயில விரும்பினால் சென்னை அருகிலும் நிலையம் இருக்கிறது. மகாராஷ்டிர அரசு தகுதியுள்ள தன் ஊழியர்களுக்கு இதற்கென்றே லீவு தரும் ஏற்பாடு செய்திருக்கிறது. சர்க்கார் ஆபீஸில் இருப்பவர்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

எல்லாரும் தியானத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பாதியில் விட்ட பரீட்சைக்குப் படிப்பதோ, ஒரு தொழில் நுணுக்கம் கற்பதோ எதுவாகவும் இருக்கலாம். வேலையை விட்டு ஓடுவது வேறு; விலகி நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது வேறு. எதற்காகப் போகிறோம் என்ற தெளிவு, வீட்டாருக்குச் செய்துவைக்கும் ஏற்பாடு, மறைக்காமல் சொல்லும் தைரியம், திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்காரும் எண்ணம் ஆகிய நாலும் இருந்தால் அந்த லீவு வீண் போகாது. ரங்கூன் குமாஸ்தாவிடம் முதலும் கடைசியும் இருந்தன. டாக்ஸி டிரைவரிடம் நாலும் இருந்தன. என்னிடம் மூன்றாவது இல்லை.

இந்த வருஷ லீவு அம்மாவுக்கு. கொடைக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

சென்ற மாதம் ஒரு நாள் மாலை மகள் தயங்கித் தயங்கி நோட்டை என் பக்கம் நகர்த்தினாள். ஐந்தாம் வகுப்புக் கணக்கு, வகுத்தல். மூன்றாவது வரியில் தப்பு இருந்தது. மார்பில் சூடு ஏறுவது தெரிந்தது. கொஞ்சம் பொறுத்தேன். பிறகு இரண்டு பேரும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தோம்.